உருளைக்கிழங்கின் இரும்பு உடலில் சேருமா? ரகங்களை அளக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு ரகத்தில் இரும்புச்சத்து அதிகம் என்று ஆய்வக அறிக்கை சொல்கிறது. அதை உண்பவரின் உடலிலும் கூடுதல் இரும்பு சேரும் என்று அந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைப்பகுதியில், உடலில் இரும்பு இருப்புக் குறைந்த பெண்களிடம் ஐசோடோப்பு கொண்டு நடத்தி 2020-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மஞ்சள் சதைக் கிழங்கின் இரும்பில் ஏறத்தாழ 28 சதவீதம் உடலில் சேர்ந்தது. இரும்பு கூடுமாறு இனவிருத்தி செய்யப்பட்ட ஊதா சதைக் கிழங்கில் அது சுமார் 13 சதவீதம்தான். ஊதாக் கிழங்கில் நிறைந்திருக்கும் பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

எனவே ரகங்களை ஒப்பிட வருகிறவர் இரும்பையும் துத்தநாகத்தையும் அளந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அவற்றை உடலுக்குள் சேர உதவும் பொருளையும், சேரவிடாமல் தடுக்கும் பொருளையும், அதே கிழங்கில், உண்ணும் நிலையில் அளக்க வேண்டும். ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மாணவர்களையும் இனவிருத்தித் திட்டங்களில் சேர்ந்திருக்கும் உதவியாளர்களையும் மனதில் வைத்து, வேலை நடக்கும் வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

யார் உதவி, யார் தடை

இரும்புக்குப் பெரிய உதவி வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம். இது இரும்பை ஃபெரிக் நிலையிலிருந்து, குடல் எளிதில் ஏற்கும் ஃபெரஸ் நிலைக்கு மாற்றுகிறது; குடலில் அமிலத்தன்மை குறையும்போதும் இரும்பு கரைந்த நிலையிலேயே இருக்கத் துணை நிற்கிறது. இந்த உதவி ஒரே வேளை உணவில் இரண்டும் சேர்ந்திருந்தால்தான் கிடைக்கும். உருளைக்கிழங்கில் இரண்டும் ஒரே சதைக்குள் இருக்கின்றன. தானியங்களுக்கு இல்லாத பேறு இது. சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும் ஓரளவு கைகொடுக்கின்றன.

தடைகளில் முதலாவது ஃபைட்டேட். தாவரம் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் வடிவம் அது. இரும்பு, துத்தநாகம், கால்சியம் மூன்றையும் கட்டிப்போடும். இரண்டாவது பாலிஃபீனால்கள். உருளைக்கிழங்கின் பாலிஃபீனால்களில் பெரும்பகுதி குளோரோஜெனிக் அமிலமும் அதன் நெருங்கிய உறவுகளும்தான். சிவப்பு, ஊதா ரகங்களில் ஆந்தோசயனின் நிறமிகளும் சேர்ந்துகொள்ளும். இவை பிடிப்பது முக்கியமாக இரும்பை. துத்தநாகத்துக்கு ஃபைட்டேட்தான் பெரிய எதிரி. வைட்டமின் சி அதற்குப் பெரிதாக உதவுவதில்லை. ஆகவே இரும்புக்கு ஒரு பட்டியல், துத்தநாகத்துக்கு வேறொரு பட்டியல் என்று தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். கால்சியத்தைப் பற்றியும் அறிய வேண்டுமானால் அதைக் கட்டிப்போடும் ஆக்ஸலேட்டையும் அளக்க வேண்டும். ஆனால் கிழங்கில் கால்சியமே குறைவு என்பதால், முதல் ஆய்விலேயே அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கிழங்கைத் தேர்ந்தெடுத்தல்

வெவ்வேறு வயல்களில் விளைந்த இரண்டு ரகங்களை வாங்கி வந்து ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது மண்ணின் வேறுபாட்டையா, ரகத்தின் வேறுபாட்டையா என்று தெரியாது. கிழங்கின் தாதுக்கள் மண், உரம், நீர், பருவம் அனைத்துக்கும் ஏற்ப மாறும். ஒப்பிட வேண்டிய ரகங்கள் ஒரே வயலில், குறைந்தது 3 மறுபதிவுகளாக (ஒவ்வொரு ரகமும் தனித்தனிப் பாத்திகளில் மூன்று முறை) நடப்பட்டு, ஒரே முதிர்ச்சியில் அறுவடை செய்யப்பட்டிருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு இடங்களில் அல்லது இரண்டு பருவங்களில் செய்யுங்கள். எந்த ஆண்டிலும் எந்தத் தொகுதியிலும் தவறாமல் இடம்பெறும் ஓர் ஒப்பீட்டு ரகத்தையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பின்னால் எண்கள் முரண்படும்போது குறை கருவியிலா கிழங்கிலா என்று காட்டிக்கொடுப்பது அந்த ரகம்தான்.

ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் நடுத்தர அளவுள்ள, அடிபடாத, பச்சை படியாத 6 முதல் 10 கிழங்குகள் போதும். ஒரு கிழங்கை மட்டும் அளந்து ரகத்தைத் தீர்மானிக்க முடியாது. கிழங்குக்குள்ளும் சத்து ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. தண்டோடு ஒட்டியிருந்த முனைக்கும் முளைக்கண்கள் நெருங்கியிருக்கும் முனைக்கும் வேறுபாடு உண்டு. தோலுக்கும் நடுச்சதைக்கும் வேறுபாடு உண்டு. அதனால் குறுக்காக ஒரு வில்லையை வெட்டி எடுக்கக் கூடாது. முனையிலிருந்து முனைக்கு நீளவாக்கில் நான்கு கூறாக்கி, எதிரெதிரே இருக்கும் இரண்டு கூறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டு கூறுகள் இன்னொரு சோதனைக்குப் பயன்படும். இரண்டும் ஒரே கிழங்கைத்தான் பேசும்.

மண் என்னும் பொய்

புதியவர்கள் மிகவும் ஏமாறும் இடம் இது. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கிழங்கு மண்ணுக்குள் வளர்கிறது. மண்ணில் இரும்பு மிக அதிகம். சாதாரணமாகவே எடையில் ஒன்று முதல் ஐந்து சதவீதம் வரை இருக்கும். உலர்ந்த கிழங்கிலோ ஒரு கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம்தான். ஒரு கிராம் உலர்ந்த கிழங்குப் பொடியில் ஒரே ஒரு மில்லிகிராம் மண் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணில் 3 சதவீதம் இரும்பு இருந்தால், உங்கள் முடிவில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் இரும்பு கூடிவிடும். உண்மையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் உள்ள ரகம் 50 என்று காட்டும். அந்த ஒரு மில்லிகிராம், முளைக்கண்ணின் குழிக்குள் ஒளிந்திருக்கும் துகள் அளவுதான்.

கழுவுதலை மூன்று கட்டமாகச் செய்யுங்கள். முதலில் ஓடும் குழாய்நீரில் மென்மையான நைலான் தூரிகையால், ஒவ்வொரு முளைக்கண்ணையும் தனித்தனியாகப் பார்த்துத் தேய்க்க வேண்டும். அடுத்து வாலை வடிநீரில் ஒரு முறை. கடைசியாக அயனி நீக்கிய நீரில் ஒரு முறை. கழுவிய கிழங்கைத் தூசி படியாத இடத்தில், சாயமிடாத தூய காகிதத் துண்டின்மீது வைத்து ஈரம் போக்குங்கள். அறுவடைக் களத்திலேயே, மண் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்து வெட்டும் வேலை வேண்டாம்.

கையுறையிலும் கவனம் தேவை. ரப்பர் கையுறைகளில் துத்தநாகச் சேர்மம் இருக்கும்; மாவு பூசியவை இன்னும் மோசம். மாவு பூசாத, துத்தநாகக் கலப்பு இல்லையென்று சோதித்துப் பார்த்த பிளாஸ்டிக் கையுறைகளை அணியுங்கள். கத்தி பீங்கானால் ஆனதாக இருக்கட்டும். கண்ணாடி, பிளாஸ்டிக் கலன்கள் எல்லாவற்றையும் 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் குறைந்தது மூன்று முறை அலசுங்கள். துத்தநாகம் பூசிய வாளி, தட்டு, கம்பி வலை எதுவும் கிழங்கின் பக்கமே வரக் கூடாது.

இவ்வளவு செய்தும் மண் கலந்ததா இல்லையா என்பதை எண்ணே சொல்லிவிடும். அதற்கு வழி, இரும்போடு அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் சேர்த்தே அளப்பது. கிழங்கு தன் சதைக்குள் இவற்றை மிகக் குறைவாகவே சேர்க்கிறது. மண்ணில் இவை ஏராளம். ஒரு மாதிரியில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்தே உயர்ந்திருந்தால் அது மண். இரும்போடு குரோமியமும் நிக்கலும் உயர்ந்திருந்தால் அது துருப்பிடிக்காத எஃகு. உங்கள் அரவை இயந்திரத்தின் பிளேடு தேய்ந்து உள்ளே கலந்திருக்கிறது. இந்த இரண்டு அடையாளங்களையும் சரிபார்க்காத இரும்பு அளவீட்டை நான் முழுதாக நம்ப மாட்டேன். ஒரு ரகம் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்து நிற்கும்போது அறவே நம்ப மாட்டேன்.

வேகவைத்தே அளவுங்கள்

உருளைக்கிழங்கை யாரும் பச்சையாக உண்பதில்லை. பச்சைக் கிழங்கின் வைட்டமின் சி அளவை வைத்து உறிஞ்சுதலைக் கணக்கிட்டால் விடை நன்றாக இருக்கும், உண்மையாக இருக்காது. ஒரே அளவுள்ள கிழங்குகளைத் தோலோடு, அயனி நீக்கிய நீரில், கண்ணாடிப் பாத்திரத்தில் அல்லது பூச்சு உதிராத எனாமல் பாத்திரத்தில் வேகவையுங்கள். குழாய்நீரிலும் இரும்புப் பாத்திரத்திலும் வேகவைத்தால் அவற்றின் இரும்பும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். மெல்லிய குச்சி நடுவரை தடையின்றி இறங்கியதும் எடுத்துவிடுங்கள். ரகத்துக்கு ரகம் வேகும் நேரம் வேறுபடும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் வைத்தால் ஒன்று குழைந்துபோகும், ஒன்று வேகாமல் நிற்கும். வெந்து முடிந்த பதம்தான் பொதுவாக இருக்க வேண்டும். ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறியபின் தோலை மெல்லியதாக உரியுங்கள்.

தோலோடு உண்ணும் முறையையும் ஆராய வேண்டுமென்றால் தோலைத் தனி மாதிரியாக வையுங்கள். தோலில் இரும்பும் பாலிஃபீனாலும் சதையைவிடச் செறிவாக இருக்கும். மண்ணும் அங்கேதான் ஒட்டியிருக்கும். சதையோடு அதைக் கலந்துவிட்டால் பிறகு பிரித்தறிய வழியில்லை.

வைட்டமின் சி காத்திருக்காது

மற்ற எல்லாப் பொருள்களையும் உலர்ந்த பொடியில், அடுத்த மாதம்கூட அளக்கலாம். வைட்டமின் சி அப்படியல்ல. வெட்டிய நொடியிலிருந்தே காற்றுபட்டு அழியத் தொடங்கும். ஆகவே அன்றைய நாளின் முதல் சோதனை இதுவாகவே இருக்கட்டும். வெந்த கிழங்கை உரிப்பதற்கு முன்பே அமிலக் கரைசல் பனிக்கட்டிமேல் தயாராக இருக்க வேண்டும்.

சுமார் 10 கிராம் சதையைத் துல்லியமாக எடை போட்டு, உடனே 40 முதல் 50 மில்லிலிட்டர் குளிர்ந்த 3 சதவீத மெட்டாஃபாஸ்பாரிக் அமிலத்தில் இட்டு அரையுங்கள். அந்த அமிலம் நொதிகளை முடக்கும், புரதத்தைப் படியச்செய்யும், வைட்டமினை நிலைநிறுத்தும். சிறிது ஈடிடிஏ சேர்த்தால் வைட்டமினை அழிக்கத் தூண்டும் செம்பு, இரும்பு அயனிகள் கட்டுப்படும். வெந்த கிழங்கின் ஸ்டார்ச் கலங்கலாகப் பசைபோல நிற்கும், வடிதாள் அடைத்துக்கொள்ளும். முதலில் மையவிலக்கியில் சுழற்றி, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை, மஞ்சள் சதை ரகங்களுக்கு எளிய வழி டைகுளோரோஃபீனால் இண்டோஃபீனால் என்ற நீலச் சாயத்தால் தரம்பார்த்தல். அமிலச் சாற்றில் சொட்டுச் சொட்டாகச் சாயத்தை விடும்போது வைட்டமின் சி அதை நிறமிழக்கச் செய்யும். வைட்டமின் தீர்ந்த கணத்தில் அடுத்த சொட்டு மெல்லிய இளஞ்சிவப்பாகக் கலையாமல் நிற்கும். அதுவே முடிவுப் புள்ளி. கலக்கியபின்னும் அந்த நிறம் குறைந்தது ஐந்து நொடி நிற்க வேண்டும். சாயக் கரைசலை ஒவ்வொரு நாளும் தூய அஸ்கார்பிக் அமிலத்துக்கு எதிராகச் சரிபாருங்கள்; நேற்றைய சரிபார்ப்பு இன்றைக்கு ஆகாது.

ஊதா, சிவப்பு ரகங்களில் இந்த முறை கைவிட்டுவிடும். ஆந்தோசயனின் அமிலத்தில் தானே சிவக்கும். சாறு தொடக்கத்திலேயே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிவுப் புள்ளியை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. உறிஞ்சுதலைப் பற்றி நாம் அதிகம் கேள்வி கேட்க வேண்டியவை இந்த ரகங்களே என்பதால், ஒப்பீட்டில் ஒரே ஒரு நிற ரகம் இருந்தாலும் எல்லா ரகங்களையும், சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் அளந்துவிடுவதே சரி. பாதி ரகங்களை ஒரு முறையிலும் மீதியை வேறொரு முறையிலும் அளந்து ஒரே அட்டவணையில் போட வேண்டாம்.

தரம்பார்த்தல் ஆக்சிஜனேற்றம் அடையாத வைட்டமினை மட்டுமே காணும்; ஆக்சிஜனேற்றம் அடைந்த டீஹைட்ரோ வடிவத்தைக் காணாது. அதுவும் உடலுக்கு வைட்டமின் சி-யாகப் பயன்படக்கூடியதே. எச்பிஎல்சியில், சாற்றோடு, டீஹைட்ரோ வடிவத்தை மீண்டும் பழைய வடிவத்துக்கு மாற்றும் டிசிஇபி என்ற ஒடுக்கியைச் சேர்த்து ஒரு முறையும் சேர்க்காமல் ஒரு முறையும் அளந்தால் இரண்டும் கிடைக்கும். டிசிஇபி அமிலக் கரைசலிலேயே வேலை செய்யும் என்பதால் கார நிலைக்கு மாற்றி வைட்டமினை இழக்க வேண்டியதில்லை.

சேமிப்பையும் மறக்கக் கூடாது. அறுவடையில் 100 கிராம் பச்சைக் கிழங்குக்கு 20 மில்லிகிராமை ஒட்டியிருக்கும் வைட்டமின் சி, சில மாதச் சேமிப்பில் பாதியாகக் குறைவது வழக்கம். இரும்பு அப்படியே இருக்கும். புதுக் கிழங்கில் ஓர் அளவீடு, மூன்று நான்கு மாதம் கழித்து அதே மூட்டையிலிருந்து ஓர் அளவீடு: இந்த இரண்டும் இல்லாத ஆய்வு ஆண்டின் பாதியைத்தான் பேசுகிறது.

பொடியாக்குதல், தாதுக்கள்

மீதி வெந்த சதையைத் திரவ நைட்ரஜனில் உடனே உறையவைத்து, உறைநிலை உலர்த்தியில் உலர்த்துங்கள். உறையவைக்கத் தாமதித்தால் பாலிஃபீனால் காற்றுபட்டு மாறும். பச்சைக் கிழங்கையும் சேர்த்து ஆராய்பவர்களுக்கு வெட்டுவாய் பழுப்பாவதில் அது கண்ணுக்கே தெரியும். உலர்ந்ததை அகேட் அல்லது சிர்கோனியா உரலில் அரைத்து, நைலான் சல்லடையில் சலித்து, காற்றுப்புகாத பிளாஸ்டிக் குப்பியில் இருட்டில், குளிரில் வையுங்கள்.

இங்கே மூன்று எடைகளைக் கட்டாயம் குறிக்க வேண்டும்: வேகவைக்கும் முன், வெந்து உரித்தபின், உலர்ந்தபின். உருளைக்கிழங்கில் நீர் மட்டும் 75 முதல் 80 சதவீதம். ஒருவர் உலர் எடைக்கும் இன்னொருவர் ஈர எடைக்கும் எழுதிய எண்கள் நான்கைந்து மடங்கு வேறுபட்டு நிற்கும். உலர்ந்த பொடியிலும் சிறிது ஈரம் தங்கியிருக்கும். அதில் ஒரு கிராமை 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாத நிலைவரை உலர்த்தித் திருத்தம் செய்யுங்கள்.

தாதுக்களுக்கு அரை கிராம் பொடி போதும். தூய தரமுள்ள நைட்ரிக் அமிலமும் சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து மைக்ரோவேவ் செரிப்பானில் கரைத்து, 25 மில்லிலிட்டராக்குங்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராம் இரும்புள்ள பொடியானால் அந்தக் கரைசலில் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் இருக்கும். அணு உட்கவர் நிறமாலைமானியில் இரும்பு 248.3 நானோமீட்டரிலும் துத்தநாகம் 213.9 நானோமீட்டரிலும் அளக்கத்தக்க அளவே இது. ஐசிபி கருவி இருந்தால் அலுமினியம், டைட்டானியம், குரோமியம், நிக்கல் எல்லாம் ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும் என்பதால் அதையே நாடுங்கள். செரிப்பானின் கலன்கள் முழுதாக ஆறும்வரை திறக்கக் கூடாது. திறப்பது புகைபோக்கிக் கூண்டுக்குள் மட்டுமே. பெர்குளோரிக் அமிலம் பயன்படுத்தும் பழைய செய்முறைகளைத் தொட வேண்டாம். கரிமப் பொருளோடு அது வெடிக்கக்கூடியது.

ஒவ்வொரு தொகுதியிலும் கிழங்கே இல்லாத வெற்று மாதிரிகள் இரண்டும், சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள் ஒன்றும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் வெளியிடும் அரிசி மாவு, கிழங்குப் பொடியைப் போலவே ஸ்டார்ச் மிகுந்தது என்பதால் பொருத்தமானது. அதன் சான்றிதழிலுள்ள அளவு உங்கள் கருவியில் வராவிட்டால் அன்றைய கிழங்கு எண்கள் எதையும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

பாலிஃபீனால், ஃபைட்டேட்

பாலிஃபீனாலை 80 சதவீத மெத்தனாலில், வெளிச்சம் படாமல் பிரித்தெடுங்கள். ஃபோலின் வினைப்பொருளைச் சேர்த்து 765 நானோமீட்டரில் நிறம் பார்ப்பது எளிய முறை. ஆனால் அந்த வினைப்பொருள் வைட்டமின் சி-யோடும் வினைபுரியும். உதவும் பொருளையே தடுக்கும் பொருளாக எண்ணிக் கூட்டிவிடும் சோதனை அது! நமக்கு இதைவிடத் தவறான முடிவு வேறில்லை. ரகங்களை மேலோட்டமாகச் சலிக்க அதைப் பயன்படுத்தலாம். முடிவுக்கு எச்பிஎல்சியில் 320 முதல் 325 நானோமீட்டரில் குளோரோஜெனிக் அமிலத்தை நேராக அளவுங்கள். நிற ரகங்களின் ஆந்தோசயனினுக்கு, ஒரே சாற்றை அமிலகார எண் 1.0-இலும் 4.5-இலும் வைத்து 520, 700 நானோமீட்டர்களில் பார்க்கும் வழக்கமான வேறுபாட்டு முறை போதும்.

ஃபைட்டேட்டில் ஒரு சிக்கல் உருளைக்கிழங்குக்கே உரியது. உலர் எடையில் அது 0.1 முதல் 0.3 சதவீதம் வரைதான். தானியங்களையும் பயறுகளையும்விட மிகக் குறைவு. அதே வேளையில் கிழங்கில் எதனோடும் பிணையாத தனி பாஸ்பேட் மிகுதி. போதாக்குறைக்கு உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சிலேயே பாஸ்பேட் பிணைந்திருக்கிறது. மொத்த பாஸ்பரஸைக் கொண்டு ஃபைட்டேட்டை ஊகிக்கும் குறுக்குவழி இங்கே செல்லாது. தானியங்களுக்குப் பழகிய வேட் வினைப்பொருள் முறை, ஃபைட்டேட் கூடும்போது நிறம் குறைவதை அளப்பது. இவ்வளவு சிறிய அளவில் அது தடுமாறும். ஃபைட்டேஸ் நொதியால் பாஸ்பேட்டை விடுவித்து அளக்கும் முறையையோ அயனிப் பரிமாற்ற வழிமுறையையோ பயன்படுத்துங்கள். நொதி முறையில் தனி பாஸ்பேட்டைக் கழிக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு மாதிரியையும் மும்முறை செய்யுங்கள். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய எண்ணை எடுக்கிறோம்; சிறு பிழையும் அங்கே பெரிதாகிவிடும்.

எண்களைச் சேர்த்துப் பார்த்தல்

மில்லிகிராம்களை அடுத்தடுத்து எழுதி வைத்தால் ஒன்றும் புலப்படாது. மூலக்கூறுகள் எண்ணிக்கையில்தான் ஒன்றையொன்று பிடிக்கின்றன. எனவே எல்லாவற்றையும் மோலுக்கு மாற்றுங்கள். இரும்புக்கு 55.85, துத்தநாகத்துக்கு 65.4, அஸ்கார்பிக் அமிலத்துக்கு 176, ஃபைட்டிக் அமிலத்துக்கு 660, குளோரோஜெனிக் அமிலத்துக்கு 354 என்று வகுத்தால் போதும்.

கணக்குக்காக இரண்டு ரகங்களை எடுத்துக்கொள்வோம். முதல் ரகம் மஞ்சள் சதை. உலர்பொருள் 22 சதவீதம், இரும்பு கிலோ உலர் எடைக்கு 20 மில்லிகிராம். 100 கிராம் வெந்த கிழங்கில் இரும்பு 0.44 மில்லிகிராம், அதாவது 7.9 மைக்ரோமோல். அதே 100 கிராமில் வைட்டமின் சி 13 மில்லிகிராம், அதாவது 74 மைக்ரோமோல். விகிதம் ஒன்றுக்கு 9-க்கும் மேல். இரண்டாம் ரகம் ஊதா சதை. உலர்பொருள் 24 சதவீதம், இரும்பு 30 மில்லிகிராம். 100 கிராமில் 0.72 மில்லிகிராம், 12.9 மைக்ரோமோல். வைட்டமின் சி 9 மில்லிகிராம், 51 மைக்ரோமோல். விகிதம் ஒன்றுக்கு 4. நான்கு மாதச் சேமிப்பில் வைட்டமின் பாதியானால் ஒன்றுக்கு 2.

தடைப்பொருள் குறைந்த உணவில் இரும்பு ஒரு மோலுக்கு வைட்டமின் சி 2 மோலாவது, தடைப்பொருள் மிகுந்த உணவில் 4 மோலாவது வேண்டும் என்பது ஊட்டச்சத்துத் துறையில் பின்பற்றப்படும் அளவு. ஊதா ரகம் பாலிஃபீனால் மிகுந்தது. அது புதிதாக இருக்கும்போது வரம்பில் நிற்கிறது, சேமித்தபின் அதற்குக் கீழே போய்விடுகிறது. இரும்பை மட்டும் பார்த்திருந்தால் அதற்கே முதல் இடம் கொடுத்திருப்போம்.

ஃபைட்டேட்டுக்கு வருவோம். முதல் ரகத்தில் ஒரு கிராம் உலர்பொடிக்கு 1.5 மில்லிகிராம் என்றால், 100 கிராம் வெந்த கிழங்கில் 33 மில்லிகிராம், 50 மைக்ரோமோல். துத்தநாகம் கிலோ உலர் எடைக்கு 15 மில்லிகிராமானால் 5 மைக்ரோமோல். விகிதம் 10. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 5-க்குக் கீழே என்றால் துத்தநாகம் நன்றாகச் சேரும். 5 முதல் 15 வரை நடுத்தரம். 15-க்கு மேல் மோசம். ஃபைட்டேட்டுக்கும் இரும்புக்குமான விகிதம் இங்கே 6-ஐத் தாண்டும். விகிதம் 1-க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற தானிய விதியை எடுத்துவந்து உருளைக்கிழங்கைக் கழித்துக்கட்டிவிடாதீர்கள். வைட்டமின் சி அந்தத் தடையைப் பெருமளவு முறிக்கிறது. பெருவில் மஞ்சள் கிழங்கு காட்டிய 28 சதவீதம் அதற்குச் சாட்சி.

செயற்கைச் செரிமானத்துக்கு அனுப்பும் முன்

விகிதங்கள் ஊகத்தைத்தான் தரும். முன்னணியில் வரும் ரகங்களையும், விகிதமும் இரும்பும் முரண்படும் ரகங்களையும் பொறுக்கி, ஆய்வகச் செரிமானச் சோதனைக்கு அனுப்புங்கள். எல்லா ரகங்களையும் அனுப்பினால் செலவும் காலமும் தாங்காது.

எளியது ஊடுபரவல் முறை. 1981 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. பெப்சின் கொண்டு இரைப்பை நிலையிலும், பிறகு கணைய நொதியும் பித்த உப்பும் கொண்டு குடல் நிலையிலும் கிழங்கைச் செரிக்கவைத்து, நுண்துளைச் சவ்வைக் கடந்துவரும் இரும்பை அளக்கிறோம். அடுத்த படி காகோ-2 என்ற மனிதக் குடல் செல்வரிசை. செரித்த கிழங்கிலிருந்து செல்கள் இரும்பை எடுத்துக்கொண்டால் அவற்றுக்குள் இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதம் உருவாகும்; செல் புரதம் ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை நானோகிராம் ஃபெரிட்டின் என்பதே விடை. செரிமான நிலைகளுக்கு 2014-இல் வெளியாகி 2019-இல் திருத்தப்பட்ட இன்ஃபோஜெஸ்ட் நெறிமுறை பொதுவாகப் பின்பற்றப்படுகிறது. இரும்பு ஆய்வுகளில் இரைப்பை நிலையின் அமிலகார எண்ணை அந்த நெறிமுறை சொல்லும் 3-க்குப் பதிலாக 2-இல் வைப்பவர்களும் உண்டு. எதை வைத்தீர்கள் என்று எழுதுங்கள். வேறு நிலையில் கிடைத்த எண்களோடு உங்கள் எண்களை ஒப்பிடாதீர்கள்.

இந்தச் சோதனைக்குக் கிழங்கைப் புதிதாக வேகவைத்தே கொடுங்கள். பல மாதம் வைத்திருந்த பொடியில் வைட்டமின் சி பெரும்பாலும் போயிருக்கும். அதைச் செரிக்கவைத்தால் உதவும் பொருள் இல்லாத கிழங்கைத்தான் அளப்பீர்கள். பெப்சினிலும் கணைய நொதியிலும் சொந்த இரும்பு கலந்திருக்கும். அவற்றை அயனி நீக்கும் பிசினில் செலுத்தித் தூய்மைப்படுத்தி, நொதி மட்டும் உள்ள வெற்று மாதிரியையும் ஓட்டுங்கள். ஒவ்வொரு நாளும் ஒப்பீட்டு ரகத்தையும், அதே ரகத்தில் வைட்டமின் சி சேர்த்த ஒரு மாதிரியையும் உடன் வையுங்கள். சேர்த்த மாதிரியில் ஃபெரிட்டின் உயரவில்லையென்றால் அன்று செல்களின் நிலை சரியில்லை. அந்தத் தட்டை ஒதுக்கிவிட்டு மறுநாள் மீண்டும் செய்யுங்கள்.